வரப்பு தாங்கும் கூட்டம்

ஞாயிறு காலை 6 மணிக்குச் சந்தாபுரா சந்திப்பில் நின்று பார்த்தால், ஊர் இரண்டு திசைகளில் மட்டுமே நகர்வது தெரியும். சேலம், தருமபுரி, திருவண்ணாமலைப் பேருந்துகளிலிருந்து தூக்கக் கண்களோடு இறங்குகிறவர்கள் ஒரு பக்கம். கையில் வீட்டிலிருந்து கட்டிக்கொடுத்த இட்லிப் பொடி, முருங்கைக்காய். மறுபக்கம், ஏற்காட்டுக்கும் ஒகேனக்கலுக்கும் புறப்படும் சுற்றுலா வேன்கள். மூன்றாவதாகவும் ஒரு வழி இருக்கிறது, ஆனேக்கல் சாலை. அந்த நேரத்தில் அதன் வழியே வருபவை, செண்டுமல்லி மூட்டை கட்டிய மொபெட்டுகளும் கீரைக்கட்டு ஏற்றிய ஆட்டோக்களும். அவை புறப்பட்டு வந்த இடத்தைப் பார்க்கவென்று எதிர்த்திசையில் போகிறவர் அநேகமாக யாரும் இல்லை.

இங்கே குடிவந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. முதல் எட்டு ஆண்டுகள் நானும் அந்தச் சாலையில் திரும்பியதில்லை. வெள்ளிக்கிழமை இரவு ஊருக்கு, ஞாயிறு இரவு அடுக்ககத்துக்கு. சந்தாபுரா என்றால் உறங்கும் இடம், அவ்வளவே. எலக்ட்ரானிக் சிட்டியிலும் பொம்மசந்திராவிலும் வேலை பார்க்கும் தமிழர்கள் பலருக்கு இன்றும் அப்படித்தான். கடந்த மூன்று ஆண்டுகளாக மாதம் ஒரு ஞாயிறு, எட்டுப் பேர் அல்லது பத்துப் பேர், ஆனேக்கல் சாலைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு நடந்துபோய், அங்கேயே சாப்பிட்டு, பக்கத்துக் கோயிலையோ கல்வெட்டையோ பார்த்துத் திரும்புகிறோம். எங்களுக்குப் பெயர் கிடையாது, கட்டணம் கிடையாது. இந்த அனுபவத்தில் எனக்கு உறுதிப்பட்ட ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை: உணவு, தோட்டம், வரலாறு மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் பயணத்தில் எத்தனை பேர் போகலாம் என்பதைப் போகிறவர்கள் முடிவு செய்யக் கூடாது. வரப்பும் அடுப்பும் முடிவு செய்ய வேண்டும்.

திகளர் போட்ட பாத்தி

பெங்களூருவின் தோட்டக் கதையைத் தமிழர்களிடம் தொடங்கினால் யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. இந்த நகரத்துக்குக் காய்கறியும் கீரையும் பூவும் பயிரிட்டுக் கொடுத்தவர்களில் முதன்மையானவர்கள் திகளர் சமூகத்தினர். 'திகள', 'திகுள' என்பதே பழங்கன்னடத்தில் தமிழரைக் குறித்த சொல். வன்னியகுல க்ஷத்ரியர் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் இவர்கள், தமிழ் வட மாவட்டங்களில் வேரூன்றிய திரௌபதி வழிபாட்டைத் தங்களோடு வைத்திருக்கிறார்கள். இன்று பெரும்பாலும் கன்னடம் பேசுகிறார்கள். மூத்தவர்கள் சிலரின் வீட்டுப் பேச்சில் மட்டும் நம் காதுக்குப் பாதி புரிகிற ஒரு தமிழ் ஓடும்.

சித்திரைப் பௌர்ணமி இரவில் பெங்களூரு தர்மராயசுவாமி கோயிலிலிருந்து புறப்படும் கரகம் இவர்களுடையது. உருவிய வாளோடு வீரகுமாரர்கள் சூழ, பூசாரி பூக்கரகத்தைக் கையால் தொடாமல் தலையில் சுமந்து, விடியும்வரை பழைய நகரத்தைச் சுற்றுகிறார். வழியில் தவக்கல் மஸ்தான் தர்காவுக்குள்ளும் போகிறார். சந்தாபுராவாசிகளில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, ஆனேக்கல்லிலும் தர்மராயசுவாமி கோயிலும் கரகமும் உண்டு. கூட்டம் குறைவு, பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

கரகத்துக்கும் தோட்டத்துக்கும் இடையே இருப்பது தண்ணீர். திகளர் தோட்டங்கள் ஏரிகளுக்குக் கீழே, ஏரி ஊற்று கிணற்றில் சுரக்கும் இடங்களில் அமைந்தவை. கரகச் சடங்குகளில் ஒன்று இன்றும் சம்பங்கி ஏரியில் நடக்கிறது. அந்த ஏரியின் பெரும்பகுதி கண்டீரவா விளையாட்டு அரங்கமாகிவிட்டது. சடங்குக்கென ஒரு சிறு குளம் மிச்சம். தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பேருந்து நிலையமாயிற்று. ஏரி போனபின் தோட்டம் நகரத்தின் விளிம்புக்கு நகர்ந்தது. அந்த விளிம்புதான் நம் ஆனேக்கல் வட்டம். இப்போது இங்கேயும் ஏரி கெடுகிறது. சந்தாபுரா ஏரிக்கு நேர்ந்த சீரழிவுக்காகக் கர்நாடக அரசு 500 கோடி ரூபாய் இழப்பீடு ஒதுக்க வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022 அக்டோபரில் உத்தரவிட்டது. ஒரு சிறிய ஊரின் ஏரிக்கு அவ்வளவு பெரிய தொகையா என்று அன்று வியந்தவர்கள், அந்த ஏரிக்கரையில் ஒருமுறை மூச்சை இழுத்து நின்றிருந்தால் வியந்திருக்க மாட்டார்கள்.

நாங்கள் போகும் தோட்டங்களில் ஒன்று முக்கால் ஏக்கர். சேவந்தி, செண்டுமல்லி, அரைக்கீரை, தண்டுக்கீரை, வேலியோரம் அவரைக்கொடி. அதைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல். எங்களில் ஆண்களை அண்ணா என்றும் பெண்களை அக்கா என்றும் அழைப்பார், வயது வித்தியாசம் பார்ப்பதில்லை. பாத்தியில் நீர் பாய்ச்சிக்கொண்டே பேசுவார். பேசுவதற்காக மண்வெட்டியைக் கீழே வைத்ததில்லை. ஒரு மடையை அடைத்து அடுத்ததைத் திறப்பதற்கு இடையில், கீரையை ஏன் விடிவதற்குள் அறுக்க வேண்டும், சேவந்தியில் எந்த மொட்டைக் கிள்ளினால் எந்தப் பூ பெரிதாகும் என்று சொல்லிவிடுவார். இதைக் கேட்கப் பத்துப் பேருக்குத்தான் இடம் இருக்கிறது. வரப்பில் ஒருவர் பின் ஒருவராக நின்றால் பத்தாவது ஆள்வரை அவர் குரல் எட்டும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனம் தன் ஊழியர்களை 'இயற்கையோடு ஒரு நாள்' என்று சொல்லி இரண்டு பேருந்துகளில் இங்கே கூட்டி வந்தது. எண்பது பேர். கெட்ட எண்ணம் ஒருவருக்கும் இருந்திருக்காது. ஆனால் எண்பது பேர் நிற்க அந்த முக்கால் ஏக்கரில் பாத்தியைத் தவிர வேறு இடம் ஏது? இரண்டு நாளில் அறுக்க வேண்டிய கீரை மிதிபட்டது. கிளம்பும்போது அவர் தோளில் ஒரு சால்வையைப் போர்த்திவிட்டுப் போனார்கள். நான்கு மாதம் அவர் படலைத் திறக்கவில்லை, எங்களுக்கும்தான். பிறகு அவரே நிபந்தனை போட்டார்: பத்துக்கு மேல் ஒரு தலை கூடாது, மழை பெய்த மறுநாள் வரக் கூடாது, அன்றைய நாளுக்கு இரண்டு ஆள் கூலி கொடுத்துவிட வேண்டும். மூன்றும் நியாயம். மூன்றாவதை நாங்களே முன்பு சொல்லியிருக்க வேண்டும்.

களியும் முத்தேயும்

சாப்பாட்டுக்கு வருவோம். ஆனேக்கல் பக்கத்து வீடுகளில் மதியத்துக்கு ராகி முத்தே. கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்கள் தட்டைப் பார்த்ததும் சிரிப்பார்கள். அவர்கள் வீட்டுக் களி உருண்டை அதேதான். மெல்லக் கூடாது, சாற்றில் புரட்டி விழுங்க வேண்டும் என்ற விதியும் அதேதான். மதுரைக்காரர் ஒருவர் முதல்முறை மென்று பல்லில் ஒட்டிக்கொள்ள, வீட்டுப் பாட்டி அவருக்கு விழுங்கக் கற்றுக்கொடுத்தது எங்கள் குழுவின் இனிய நினைவுகளில் ஒன்று. தொட்டுக்கொள்ள பஸ்ஸாரு. கீரையையும் பருப்பையும் வேகவைத்து வடித்த நீரில் சாறு, வடிந்து நின்றதில் பொரியல். 'பசி' என்றால் கன்னடத்தில் வடித்தல் என்று பொருள். பெயரைக் கேட்டுவிட்டு, பசிக்குச் செய்வதால் பஸ்ஸாரு என்று எங்கள் குழந்தைகள் தாங்களாகவே ஒரு பொருள் சொல்லிக்கொண்டார்கள்.

அந்த ராகி நிலத்தை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். ராகி மட்டும் விளையும் வயல் அல்ல அது. சில வரிசைக்கு ஒரு வரிசை அவரை, துவரை, சோளம், எண்ணெய்க்கு ஹுச்செள்ளு. 'அக்கடி சாலு' என்கிறார்கள், நம் ஊடுபயிர். ஹுச்செள்ளு என்றால் பித்துப்பிடித்த எள். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழில் அதைப் பேயெள்ளு என்கிறோம். ஒரு செடியின் மஞ்சள் பூவைப் பார்த்து இரண்டு மொழிக்காரர்களுக்கும் ஒரே எண்ணம் தோன்றியிருக்கிறது. ராகியின் பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம். மண்டியாவில் ஆய்வு செய்த லட்சுமணய்யா இந்திய ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் கலந்து 'இந்தாஃப்' ரகங்களை உருவாக்கி விளைச்சலைப் பெருக்கினார். கர்நாடக விவசாயிகள் அவரை 'ராகி பிரம்மா' என்று அழைக்கிறார்கள். தட்டில் உருண்டையாக இருப்பதன் பின்னால் ஒரு கடல் தாண்டிய பயணமும் ஒரு மனிதரின் வாழ்நாள் உழைப்பும் இருப்பதை, சாற்றில் விரல் வைத்துக்கொண்டு கேட்கும்போது மனதில் நிற்கிறது. அரங்கத்தில் கேட்டால் நிற்காது.

மார்கழி வந்தால் எல்லாம் அவரைக்காய். பனியில் முற்றிய காயை உரித்து, கொட்டையை இரவு ஊறவைத்து, விடிந்ததும் விரல் நுனியால் பிதுக்கினால் தோல் கழன்று பருப்பு துள்ளி விழும். அவர்களுக்கு 'ஹிதகித பேளே', கிருஷ்ணகிரி வேலூர்ப் பக்கத்தில் நமக்குப் பிதுக்கம் பருப்பு. அந்தக் காயின் தோலில் கையில் ஒட்டும் ஒரு வாசனைப் பிசின் இருக்கிறது. கன்னடத்தில் அதற்குத் தனிச் சொல் உண்டு: 'சொகடு'. சந்தையில் அவரை வாங்குபவர்கள் காயை முகர்ந்து சொகடு இருக்கிறதா என்று பார்த்துத்தான் விலை பேசுவார்கள். பெங்களூரு பசவனகுடிப் பக்கத்தில் ஆண்டுதோறும் நடக்கும் அவரை மேளாவுக்கு நான் போயிருக்கிறேன். அவரை தோசை முதல் அவரை ஜிலேபிவரை உண்டு. ருசிதான், ஆனால் நெரிசலில் நின்று தின்றுவிட்டு வருவோம். திண்ணையில் ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்து, இரண்டு மொழியிலும் ஊர்க்கதை பேசி ஒரு முறம் பருப்பு பிதுக்கும் காலைக்கு அது ஈடாகாது.

ஒரே நாடு, முரசு நாடு

இந்த ஒற்றுமைகள் தற்செயலானவை அல்ல. ஓசூர் வட்டாரத்துக் கல்வெட்டுகள் இந்தப் பகுதியை முரசு நாடு என்கின்றன. 1537இல் பெங்களூருக் கோட்டையைக் கட்டிய கெம்பேகவுடர் மொரசு ஒக்கலிகர். அந்த 'மொரசு'வும் இந்த 'முரசு'வும் ஒன்றே. திப்பு வீழ்ந்த 1799இல் ஓசூர் ஆங்கிலேயர் வசமாகிச் சேலத்தோடு சேர்ந்தது, ஆனேக்கல் மைசூரோடு நின்றது. ஒரே மண்ணின் மேல் கோடு விழுந்து இரண்டே கால் நூற்றாண்டுதான் ஆகிறது.

அதற்கு முந்தைய கதை கல்லில் இருக்கிறது. பெங்களூரு மாவட்டக் கல்வெட்டுகளை பி.எல்.ரைஸ் தொகுத்த 'எபிகிராபியா கர்நாடிகா' ஒன்பதாம் தொகுதி 1905இல் வெளிவந்தது. ஆனேக்கல் வட்டமும் அதில் உண்டு. இப்பகுதிக் கல்வெட்டுகளில் தமிழும் ஏராளம். தோம்லூர் சொக்கநாதசுவாமி கோயில் கல்வெட்டுகள் தமிழில் இருக்கின்றன. அவற்றில் ஊர்ப்பெயர் தேசிமாணிக்கப்பட்டணம். சந்தாபுராவிலிருந்து சிறிது தொலைவில் இருக்கும் பேகூரில், நாகநாதேஸ்வரர் கோயில் வளாகத்தில், ஏறத்தாழ கி.பி. 900ஐச் சேர்ந்த ஒரு நடுகல்லில் 'பெங்களூர்ப் போர்' பற்றிய குறிப்பு இருக்கிறது. நகரத்தின் பெயருக்குக் கிடைத்த மிகப் பழைய சான்றுகளில் ஒன்று. இந்தக் கற்கள் பல ஆண்டுகள் சாக்கடை ஓரத்திலும் கட்டுமான இடிபாட்டிலும் கிடந்தன. மிதிக் சொசைட்டி என்ற ஆய்வு அமைப்பு இப்போது அவற்றை முப்பரிமாணத்தில் பதிவு செய்துவருகிறது. பத்துப் பேர் ஒரு கல்லைச் சுற்றி நின்று, ஒருவர் எழுத்துக்கூட்டிப் படிக்க, டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து "இதில் இவ்வளவு இருக்கா?" என்று கேட்டால் அந்தக் கல்லுக்கு அன்றிலிருந்து ஒரு காவல் கிடைத்துவிட்டது. மறுமுறை நாங்கள் போனபோது அவர் கல்லின் மேல் சிலிண்டர் வைப்பதை நிறுத்தியிருந்தார்.

எல்லை தாண்டினால் தளி, பாகலூர்ப் பக்கம் ரோஜா. தாஜ்மகால் ரகச் சிவப்பு ரோஜா பசுமைக்குடில்களில் வளர்ந்து பிப்ரவரியில் விமானமேறும் கதை பலரும் எழுதியது. ராஜாஜி 1878இல் பிறந்த தொரப்பள்ளியும் ஓசூரை அடுத்துத்தான். ஒரு நாளில் இவ்வளவையும் அடைக்க நினைக்க வேண்டாம். நாங்கள் ஒருமுறை அப்படிச் செய்து, எதையும் பார்க்காமல் திரும்பினோம்.

லால்பாக்கைச் சேர்த்துக்கொள்ள இப்போது நல்ல வசதி. 2025 ஆகஸ்ட் 11 முதல் மெட்ரோ மஞ்சள் தடம் பொம்மசந்திராவிலிருந்து ஓடுகிறது. ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடத்துக்கு மாறினால் மூன்றாவது நிறுத்தம் லால்பாக். 1760இல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம் அது. முல்தான், லாகூர், ஆற்காட்டிலிருந்தெல்லாம் செடி வந்தது. கண்ணாடி மாளிகைக்கு 1889இல் அடிக்கல் நாட்டினார்கள். மலர்க்காட்சிக்கு லட்சக்கணக்கில் கூடும் மக்கள் அதைப் பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது வேறு. 1874 முதல் 1908 வரை லால்பாக் கண்காணிப்பாளராக இருந்த ஜான் கேமரூன் இங்கே அறிமுகப்படுத்திய காய்களில் ஒன்று சௌசௌ. மெக்சிகோ நாட்டுக் கொடி. நம் பாட்டிகள் அதைப் பெங்களூர் கத்தரிக்காய் என்று சொன்னது ஏன் என்பதற்கு லால்பாக்கில்தான் விடை. தோட்டத்தில் நடந்துவிட்டு வெளியே வந்து, 1924இல் தொடங்கிய எம்.டி.ஆரில், போர்க்கால அரிசித் தட்டுப்பாட்டில் பிறந்த ரவா இட்லியைச் சாப்பிட்டால், தட்டும் தோட்டமும் வரலாறும் ஒரே தெருவில் கிடைத்துவிடும்.

ஒரு ஷில்லிங், இரண்டு வழிகள்

1841 ஜூலை 5 அன்று தாமஸ் குக் என்பவர் இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து லஃபரோவுக்கு ஏறத்தாழ 500 பேரை ரயிலில் அழைத்துப்போனார். மதுவிலக்குக் கூட்டத்துக்கான பயணம், தலைக்கு ஒரு ஷில்லிங். கூட்டமாகப் போனால் ஏழையும் ஊர் பார்க்கலாம் என்ற உயர்ந்த எண்ணம் அதில் இருந்தது. இன்றைய பெருங்கூட்டச் சுற்றுலா அதன் பேரப்பிள்ளை. அதே நாட்டில் 1927இல் இன்னொன்று நடந்தது. ஊர் ஊராகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் செவிலியர்களுக்கு நிதி திரட்ட, தோட்டம் வைத்திருந்தவர்கள் தங்கள் வீட்டுப் படலைத் திறந்துவிட்டார்கள். கட்டணம் அதே ஒரு ஷில்லிங். முதல் ஆண்டில் 609 தோட்டங்கள் திறந்தன. அந்தத் திட்டம் இன்றும் நடக்கிறது. எந்த நாள், எந்த நேரம் என்று முடிவு செய்பவர் தோட்டக்காரர். அதனால்தான் நூறு ஆண்டை நெருங்கியும் தோட்டங்கள் பிழைத்திருக்கின்றன.

சிறு குழுதான் ஒரே வழி என்று நான் வாதிடவில்லை. மதுரையில் எழுத்தாளர் அ.முத்துகிருஷ்ணன் ஒருங்கிணைக்கும் 'பசுமை நடை'யில் நூற்றுக்கணக்கானோர் சமண மலைகளுக்குப் போகிறார்கள், கல்வெட்டு அறிஞர் சொ.சாந்தலிங்கம் விளக்கம் சொல்கிறார், மரத்தடியில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். மலைகளைக் கல் குவாரியிலிருந்து காக்க அந்தப் பெருங்கூட்டம் தேவைப்பட்டது. பாறை நூறு பேரைத் தாங்கும். பாத்தி தாங்காது.

சிறு குழு என்றால் பணக்காரர் பொழுதுபோக்கு என்ற விமர்சனத்தில் உண்மை இருக்கிறது. கூட்டம் குறையக் குறையக் கட்டணத்தை ஏற்றி, 'கிராமிய அனுபவம்' என்று ஆயிரக்கணக்கில் வாங்கி, தோட்டக்காரர் கையில் நூறு ரூபாய் திணிக்கும் ஏற்பாடுகளை நானே பார்த்திருக்கிறேன். அதற்கு மருந்து கணக்கைத் திறந்துவைப்பது. எங்கள் ஞாயிறில் இரண்டு ஆள் கூலியும் சமைத்த வீட்டுக்குச் சாப்பாட்டுப் பணமும் போனால் மிச்சமில்லை. பத்துப் பேர் பகிர்ந்தால் ஒரு சினிமாச் செலவைத் தாண்டுவதில்லை. கல்லூரி மாணவர்களுக்கு அதுவும் வேண்டாம் என்று விட்டுவிடுகிறோம்.

இன்னொரு கேள்வி கடினமானது. நிலம் விற்றால் கிடைக்கும் தொகைக்கு முன், மாதம் ஒரு ஞாயிறு நாலு பேர் வந்து தரும் கூலி எந்த மூலைக்கு? எந்த மூலைக்கும் இல்லை. பயணம் தோட்டத்தைக் காப்பாற்றிவிடும் என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். அதைக் காக்க வேண்டியது ஏரிக்குக் கழிவுநீர் போகாமல் தடுக்கும் அரசு, கீரைக்கு நேரடியாக விலை கொடுக்கும் அடுக்ககவாசிகள். ஆனால் இந்த இரண்டையும் கேட்பதற்கு ஆள் வேண்டும். எங்கள் குழுவில் வந்த ஒரு குடும்பம், அந்த அம்மாவிடமே வாரம் இருமுறை கீரை வாங்கத் தொடங்கியது. இப்போது அவர்கள் அடுக்ககத்தில் 40 வீடுகள் வாங்குகின்றன. ஏரியைப் பற்றிய மனுவில் கையெழுத்திட்டவர்களில் பாதிப் பேர், அதன் கரையில் எங்களோடு நடந்தவர்கள்.

அரசிடம் கேட்பதற்குச் சிறிய பட்டியல்கூட இல்லை, ஒரே ஒரு கோரிக்கைதான். கர்நாடகத் தோட்டக்கலைத் துறையும் தமிழகத் தோட்டக்கலைத் துறையும் சேர்ந்து, ஆனேக்கல் முதல் தளிவரை விருப்பமுள்ள தோட்டக்காரர்களின் பதிவேடு ஒன்றைக் கன்னடத்திலும் தமிழிலும் தயாரிக்கட்டும். எத்தனை பேர், எந்த மாதம், என்ன கூலி என்பதைத் தோட்டக்காரரே எழுதட்டும். அதில் சுற்றுலாத் துறை பேருந்து விட வேண்டாம், வளைவு கட்ட வேண்டாம்.

கன்னடத்தில் ஆனெகல்லு என்றால் ஆலங்கட்டி. ஆனேக்கல்லுக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால் என்று சொல்வார்கள். போன மாதம் உண்மையாகவே பெய்தது. தோட்டத்தில் சேவந்தி முழுக்க அடிபட்டுக் கிடந்தது. அந்த ஞாயிறு நாங்கள் போக வேண்டாம் என்று அந்த அம்மா சொல்லி அனுப்பினார். கூலியை மட்டும் கொடுத்துவிட்டு வரலாம் என்று இரண்டு பேர் போனோம். பக்கத்து நிலத்தில் மனைப்பிரிவுக்கு வெள்ளைக் கல் நட்டிருந்தார்கள். அவர் வேலியோரம் குனிந்து அவரை விதை ஊன்றிக்கொண்டிருந்தார். மார்கழியில் ஆறு பேர் வாருங்கள், பிதுக்குவதற்குக் கை வேண்டும் என்றார்.